திரைக்குப் பக்கத்தில் நின்ற திரேசா

வெள்ளவத்தைச் சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றிருந்தபோது யூசுப் நானாவின் அழைப்பு வந்தது. எங்கள் திரைவட்டத்தில் படக்கருவியை இயக்குபவர் அவர். எந்தச் செய்தியானாலும் குரல்பதிவாக அனுப்புவாரே தவிர, காலையில் அழைக்கமாட்டார். "மிஸ், எங்க நிக்கிறீங்க? கொஞ்சம் ஓரமா வாங்க," என்றார். அவருக்கு நான் நிற்கும் இடம் தெரியாது. ஆனாலும் ஓரமாகப் போனேன். "நம்மட திரேசா மிஸ் மௌத்தாகிட்டாங்க," என்றார்.

இறந்துபோனதற்கு முஸ்லிம்கள் சொல்லும் அந்தச் சொல்லைக் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கப் பெண்ணுக்குப் பாவித்ததைக் கேட்டிருந்தால் திரேசா சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. மீன் பையை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகாமல் கடற்கரைப் பக்கம் நடந்து, ரயில் பாதைக்கு இப்பால் உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மீன் கெட்டுப்போகும் என்று தெரிந்தும் எழும்ப மனம் வரவில்லை. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், மூன்றாம் நாள் இதயம் நின்று போய்விட்டார். இரண்டு நாளுக்கு முன்னர் கூடத் தொலைபேசியில், ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லை என்று எனக்கு முறையிட்டவர்.

திரேசாவை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் உங்களில் பலர் அவரைக் குரலாக மட்டுமே அறிந்தவர்கள். மாதக் கடைசி ஞாயிறு பிற்பகல் நான்கு மணிக்கு, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையில், சிவபாலன் மாஸ்டர் பாடம் நடத்தும் டியூட்டரி மேல்மாடியில் கூடுகிறவர்கள் நாங்கள். பிறநாட்டுப் படங்கள் பார்ப்போம். எங்களில் பாதிப் பேருக்குக் கண்ணாடி போட்டாலும் திரையடி எழுத்து பிடிபடாது. மற்றப் பாதிக்கு ஆங்கிலம் பிடிபடாது. அதனால் ஒருவர் திரைக்கு இடப்பக்கம் ஒலிவாங்கியுடன் நின்று, படத்தில் பேசப்படுவதைத் தமிழில் சொல்லவேண்டும். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் அங்கே நின்றவர் திரேசா. பூப்போட்ட கவுன், கையில் ஒரு சின்ன டோர்ச், அப்பியாசக் கொப்பி. ஒழுங்கை முடிவில் ரயில் போனால் வாயை மூடிக்கொள்வார். ரயில் போனதும் விட்டதைச் சுருக்கிச் சொல்லி, ஓடும் காட்சியைப் பிடித்துவிடுவார். சிலர் ரயிலுக்காகவே காத்திருப்பார்கள், அந்த ஓட்டத்தைக் கேட்பதற்கு.

முப்பது வருடம் கப்பல் முகவர் நிலையமொன்றில் தட்டச்சு செய்தவர். பிறர் எழுதிய கடிதத்தில் ஒரு சொல்லைக் கூட்டவும் குறைக்கவும் தமக்கு உரிமை இல்லை என்பது அவருக்கு அங்கே ஊறிய பழக்கம். ஒருமுறை அவருக்குத் தொண்டை கட்டிவிட, நான் நின்று சொன்னேன். ஒரு கிழவர் நாயைத் தேடும் காட்சியில், "பாவம், நாயைத் தேடுகிறார்," என்றேன். தேநீர் வேளையில் என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். "சாந்தி, பாவம் என்று அந்தக் கிழவன் சொன்னானா? நாய் சொல்லிச்சா? அப்ப நீங்க ஏன் சொன்னீங்க? பாவமா இல்லையா என்று பாக்க வந்த சனம் தீர்மானிக்கட்டும்." எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பதிலும் சொன்னேன், அது இங்கே எழுதத் தக்கதல்ல. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் எனக்கும் நான் அவருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. பிறகு அவரே எடுத்து, அடுத்த படம் என்ன என்று கேட்டார்.

அந்தப் படத்தைத் தெரிவு செய்தவள் நான்தான். அதற்கு அவர் 'ஊசியும் மாளிகையும்' என்று தமிழில் பெயர் வைத்தார். முழுக்க முழுக்கப் பாட்டால் ஆன படம். ஒரு நாட்டுத் தலைவரின் மனைவியைப் பற்றியது. படத்தில் நாட்டின் பெயரை மாற்றியிருந்தார்கள். ஆனால் யாரைப் பற்றியது என்று அந்த நாட்டுக்காரர் எல்லாருக்கும் தெரியுமாம், இன்றைக்கும் அந்தப் பெண்ணின் பெயரை எடுத்தால் ஒரே வீட்டில் அண்ணனும் தங்கையும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். படத்தில் அவள் கடற்கரைச் சந்தையில் சட்டை தைப்பவளின் மகள். ஊர்வலத்தில் வந்த இளந்தலைவனின் சட்டை கிழிய, அவள் தைத்துக் கொடுக்கிறாள். அதிலிருந்து காதல், கல்யாணம், மாளிகை. ஊர்ப் பேச்சை விட்டுத் தலைநகரின் பேச்சைப் பழகுகிறாள். கணவன் தன்னை எதிர்ப்பவர்களை ஆள் வைத்துத் தூக்குகிறான். அவள் மாளிகையின் பின்வாசலில் ஏழைகளுக்குச் சூப் ஊற்றுகிறாள். காணாமல் போனவர்களின் தாய்மாரும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அவள் அகப்பையால் சூப்பை ஊற்றியபடி, தன் சிறு வயதுப் பசியைப் பற்றி ஒரு பாட்டுப் பாடுகிறாள். அப்படியொரு பாட்டு. கேட்டால் கல்லும் இளகும்.

முதல் தடவை அதைத் திரையிட்ட ஞாயிறன்று மண்டபம் முழுக்க இளகியது. திரேசா அந்தப் பாட்டைச் செய்யுளாக்காமல், சாதாரணப் பேச்சில், தாழ்ந்த குரலில் சொன்னார். யூசுப் நானா கருவிக்குப் பின்னால் நின்று மூக்கை உறிஞ்சியது எல்லாருக்கும் கேட்டது. நானும் அழுதேன். அழுதுவிட்டு, நல்ல படம் தெரிவு செய்தேன் என்று உள்ளூரப் பெருமையும் பட்டேன்.

விளக்குப் போட்டதும் சிவபாலன் மாஸ்டர் எழும்பினார். முகம் சிவந்திருந்தது. "இது வெள்ளையடிப்பு. மனுசன் சனத்தைத் தூக்குறான், மனுசி பாட்டுப் பாடிச் சூப் ஊத்துறா, நாங்கள் இருந்து அழுகிறம். வெக்கமா இல்லையோ? இந்தப் படம் இனி என்ர மண்டபத்தில ஓடாது."

"மாஸ்டர், பாட்டு நல்லா ஈக்குது. அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார் யூசுப் நானா.

"அதுதான் பிழை. நல்ல பாட்டைக் குடுத்துக் கெட்டவளை நல்லவளாக்கிறது."

நாற்பது பேர் இரண்டாகப் பிரிந்தோம். அவள் புனிதை என்று ஒரு பக்கம், அவள் கள்ளி என்று மறுபக்கம். மண்டபம் இல்லாவிட்டால் திரைவட்டம் இல்லை. தொடங்கிய நாளிலிருந்து செயலாளராக இருக்கும் நான் இரண்டு பக்கமும் போய்ச் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். திரேசா ஒரு பக்கமும் பேசவில்லை. கொப்பியை மூடிக்கொண்டு இருந்தார். அப்போது பின்வரிசையிலிருந்து நந்தா கையை உயர்த்தினார். களனியிலிருந்து இரண்டு பஸ் மாறி எங்களிடம் வரும் சிங்களப் பெண். தாதியாக வவுனியாவில் வேலை செய்தபோது கொஞ்சம் தமிழ் பழகியவர். மீதியைத் திரேசாவின் குரலில் பழகியதாகச் சொல்வார்.

"அக்கே, அந்த நோனா, தலைவர்ட மனைவி, பாடினது நீங்க சொன்னது. கேட் கிட்ட நிக்கிற அம்மாமாரும் பாடினதுதானே. அது என்ன?"

"தெரியாது, நந்தா," என்றார் திரேசா. "இங்கிலீஸ்ல அதப் போடல்ல. 'பெண்கள் பாடுகிறார்கள்' என்று மட்டும்தான் போட்டிருந்துச்சு."

"பாடினா ஏதோ சொல்லியிருக்கும்," என்றார் நந்தா. கோபமில்லாமல்தான் சொன்னார்.

மற்றவர்களின் சத்தத்தில் அது அமிழ்ந்துபோனது. ஆனால் திரேசாவுக்கு அமிழவில்லை. அன்று காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது என்னிடம் சொன்னார்: "பதினொரு வருசம் ஒரு சொல்லையும் விடல்ல என்று பெருமையா இருந்தன், சாந்தி. இண்டைக்கு ஒரு கூட்டமே பாடினத விட்டிருக்கன்." நான் ஆறுதலுக்கு, ஆங்கிலத்தில் போடாதது உங்கள் பிழையா என்றேன். "அவங்க போடாதது அவங்கட பிழை. எனக்கு விளங்கல்ல என்று நான் ஒலிவாங்கியில சொல்லாதது என்ட பிழை," என்றார். கொட்டாஞ்சேனை பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அதன்பிறகு அவர் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. அந்தப் பெண்கள் பாடுவது தலைநகரின் மொழி அல்ல, அந்தக் கடற்கரைப் பகுதியின் பேச்சு என்பதை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு தம்முடைய பழைய அலுவலகத்தில் இன்னும் வேலையில் இருந்த ஒருவரைப் பிடித்து, அந்தக் கரையைச் சேர்ந்த மாலுமிகள் வரும் கப்பல் எது என்று விசாரிக்கத் தொடங்கினார். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. கப்பல் வந்தால் ஆள் வேறு நாட்டவர். ஆள் சரியென்றால் கரையிறங்க அனுமதி இல்லை. இதற்கிடையில் சிவபாலன் மாஸ்டரும் யூசுப் நானாவும் பேசிக்கொள்வதில்லை. கூட்டத்துக்கு வருவோர் பாதியாகிவிட்டார்கள். எனக்குப் பொறுமை போய், "விடுங்க திரேசா, ஒரு கோரஸ்தானே," என்றுவிட்டேன். அவர் கொப்பியைத் திறந்து, அடுத்த கப்பல் வரும் திகதியைக் குறித்துக்கொண்டார்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் என்னை அவசரமாகக் கொட்டாஞ்சேனைக்கு வரச் சொன்னார். துறைமுகப் பக்கம் போகும் வீதியில் ஒரு தேநீர்க்கடை. அங்கே கப்பல் சமையற்காரர் ஒருவர் உட்கார்ந்து பராட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், பெரிய உடம்பு, சிரித்த முகம். உடைந்த ஆங்கிலம். திரேசா தம் தொலைபேசியை அவர் முன்னால் வைத்து, காதில் மாட்டுவதைக் கொடுத்தார். தம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் அவர் மேசையில் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். இன்னொருமுறை போடச் சொன்னார். கை துடைத்துக்கொண்டு, காதில் மாட்டியதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக் கேட்டார்.

"இது பாட்டல்ல," என்றார். "ஆளைக் காணவில்லை என்று முறைப்பாடு கொடுக்கப் போனால் கேட்பார்களே, என்ன உடுத்தியிருந்தான் என்று. அதற்குச் சொல்லும் பதில். அதற்கு மெட்டுப் போட்டிருக்கிறார்கள்."

திரேசாவின் பேனை கொப்பியில் அப்படியே நின்றது. சமையற்காரர் வரிவரியாகச் சொன்னார். மஞ்சள் கட்டம் போட்ட சட்டை, மேல் பொத்தான் இல்லை. அண்ணனுடைய காற்சட்டை, இடுப்பில் கயிறு. செருப்பு ஒன்று வாசலில் கிடக்கிறது, மற்றது அவன் காலில். வெள்ளைச் சட்டை, தோளில் மீன்முள் தையல், சந்தையில் தைத்தது. நான்கு வரிகள். அதற்குப் பிறகு ஒரு வரி அளவுக்குப் பெண்கள் சொல்லில்லாமல் மெட்டை மட்டும் முனகுகிறார்கள்.

அந்தக் காட்சியை அவருடைய தொலைபேசியிலேயே மீண்டும் பார்த்தோம். நான்காவது வரி வரும்போது, தலைவரின் மனைவியின் அகப்பை ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு அவள் முன்னிலும் உரத்துப் பாடுகிறாள். முதல் தடவை அதைப் பார்த்தபோது, பசி நினைவில் அவளுக்குத் தொண்டை அடைத்தது என்று நினைத்து நாங்கள் இன்னும் அழுதோம். படத்தின் தொடக்கத்தில் சந்தையில் அவள் தைக்கும் ஒவ்வொரு சட்டைக்கும் தோளில் மீன்முள் தையல் போடுவாள். அதைப் பற்றி ஒரு பாட்டே இருக்கிறது. அந்தப் பெண்களின் பேச்சு அவளுடைய தாய்ப்பேச்சு. அவள் தைத்த சட்டையைத்தான் ஒரு தாய் அடையாளம் சொல்கிறாள். அவளுக்கு எல்லாம் விளங்கியது. மாளிகைக்குள் அந்தப் பேச்சு விளங்கக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

"படம் அவவை மன்னிக்கவும் இல்ல, தூக்கில போடவும் இல்ல," என்றார் திரேசா. "அவவுக்குக் கேட்டுச்சு என்று மட்டும் சொல்லுது. அதை நாங்க கேக்காம விட்டுட்டம்." அந்தச் சமையற்காரருக்குத் தம் வீட்டில் அவித்த மஞ்சோக்காக் கிழங்கு ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதையும் அங்கேயே சாப்பிட்டு முடித்தார்.

இனிச் சிவபாலன் மாஸ்டரைச் சம்மதிக்க வைக்கவேண்டும். அவர் பிடிவாதக்காரர், பௌதிகம் படிப்பிப்பவர். திரேசா அவருடன் வாதாடவில்லை. நான்கு வரியையும் தட்டச்சு செய்த தாளை அவர் மேசையில் வைத்துவிட்டு, "வாசிச்சுட்டு மண்டபம் இல்ல என்றால் சரி, மாஸ்டர்," என்று சொல்லி வந்துவிட்டார். அன்று பின்னேரம் மாஸ்டர் என்னை அழைத்தார். "நான் படத்தைப் பற்றிச் சொன்னது அவசரப்பட்டுச் சொன்னது எண்டு திரேசாவிட்டச் சொல்லுங்கோ," என்றார். நீங்களே சொல்லலாமே என்றேன். "எனக்கு அவவிட்டப் பிழை ஒப்புக்கொள்ளுறது கஷ்டம். அவ ஒண்டும் சொல்லமாட்டா, அதுதான் கஷ்டம்," என்றார்.

இரண்டாம் தடவை அதே படம். கூட்டம் முன்னிலும் அதிகம். சண்டை பிடித்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். பின்வாசல் காட்சி வந்தது. திரேசா தலைவரின் மனைவியின் பாட்டைச் சொன்னார், அதே தாழ்ந்த குரலில், அதன் அழகில் ஒரு துளியும் குறைக்காமல். அவளுடைய வரிகளுக்கிடையில் பெண்களின் நான்கு வரிகளையும் சொன்னார். அகப்பை நின்றபோது மண்டபத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பிறகு பெண்கள் சொல்லில்லாமல் முனகும் இடம் வந்தது. அங்கே சொல்ல ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும், தாள் என் கையிலும் இருந்தது. ஆனால் திரேசா அதே தொனியில் சொன்னார்: "நீலக் கோடு போட்ட சேர்ட், கை மடித்திருந்தது, இடது கையில் என்னுடைய மணிக்கூடு."

அப்படியொரு வரி தாளில் இல்லை. மற்றவர்கள் அதையும் படத்தின் வரி என்றே நினைத்தார்கள். படம் முடிந்து விளக்குப் போட்டதும், கைதட்டல் எழுவதற்கு முன் அவர் ஒலிவாங்கியை மீண்டும் எடுத்தார். "ஒரு பிழை விட்டுட்டன். கடைசி வரி படத்தில இல்ல. அத நான் சேர்த்தது. என்ட தம்பி உடுத்தியிருந்தது அது. மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றார். சொல்லிவிட்டு டோர்ச்சை அணைத்து, கவுன் பையில் போட்டுக்கொண்டார்.

பதினொரு வருடம் பழகிய எனக்கு, அவருக்கு ஒரு தம்பி இருந்தது தெரியாது. கூட்டம் கலைந்தபின் மேல்மாடிப் படியில் உட்கார்ந்து சொன்னார். தம்பியை ஒரு பின்னேரம் கொட்டாஞ்சேனையில் வீட்டு வாசலில் வைத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. தாயும் இவரும் போகாத இடமில்லை. கடைசியில், அதிகாரத்திலிருந்த ஒருவரின் மனைவியைச் சந்திக்க யாரோ வழி செய்து கொடுத்தார்கள். "அவ எங்களை உள்ள கூப்பிட்டு இருத்தினா. அம்மாட கையைப் பிடிச்சா. தேத்தண்ணி தந்தா, நல்ல தேத்தண்ணி. கண்ணும் கலங்கினதுதான், நான் பாத்தன். அம்மா சாகுமட்டும் அந்தத் தேத்தண்ணியப் பத்தி நல்லாக் கதைச்சா. தம்பி வரல்ல. எனக்கு அவவில கோபமா, நன்றியா என்று இண்டுவரைக்கும் தெரியாது, சாந்தி. நீங்க இந்தப் படத்தக் கொண்டுவந்து தந்தீங்க."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்து மறுத்தார். "மாஸ்டர் அவவைக் கெட்டவ என்றார், யூசுப் நானா நல்லவ என்றார். நல்லவளா கெட்டவளா என்று பாத்துக்கொண்டிருந்தா, வாசல்ல நிக்கிற சனம் சத்தமில்லாமப் போயிடும். எனக்கு அது இப்பதான் விளங்கிச்சு. அதால படம் நல்ல படம்." பிறகு, தாம் சேர்த்த வரியைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். நாயைத் தேடிய கிழவருக்கு நான் 'பாவம்' சேர்த்ததை விடப் பெரிய குற்றம் என்றேன். அவர் படியில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்தார். அதன் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் இருந்தார். அந்த ஒரு வருடமும் அவர் இலேசாக இருந்தார் என்பதை நான் பக்கத்தில் இருந்து கண்டேன். தம்பியைப் பற்றிக் கதைப்பார். அவன் பாடும் பாட்டு, அவன் செய்யும் குழப்படி. இறந்தவனைப் போலவும் பேசமாட்டார், இருப்பவனைப் போலவும் பேசமாட்டார். தம்பி என்று பேசுவார்.

அடக்கத்தன்று கொட்டாஞ்சேனைத் தேவாலயத்தில் எங்கள் ஆட்கள் மூன்று வாங்கு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். யூசுப் நானா வெளியே மரத்தடியில் நின்று, தெரிந்தவர் வரும்போதெல்லாம் மீண்டும் மீண்டும் அழுதார். சிவபாலன் மாஸ்டர் வீட்டாரிடம் போய், "நான் அவவிட்ட ஒரு சொல் சொல்லாமல் விட்டிட்டன்," என்றார். அவர்களுக்கு என்னவென்று விளங்கவில்லை. திரும்பும்போது வேனில் இருந்த எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் வைத்திருந்தோம்: இனித் திரைக்குப் பக்கத்தில் யார் நிற்பது? திரைவட்டத்தை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொன்னார். மாஸ்டர் அவரை முறைத்த முறைப்பில் அவர் அந்தப் பேச்சை எடுத்ததையே மறந்துபோனார்.

அவருடைய முப்பத்தொன்றாம் நாள் நினைவு கழிந்த ஞாயிற்றுக்கிழமை அதே படத்தை மூன்றாம் தடவை போட்டோம். நான் நின்றேன். குரல் அவ்வளவு நன்றாக இல்லை. இரண்டு இடத்தில் ரயிலுக்கு நிறுத்தி, காட்சியைத் தவறவிட்டு, மண்டபத்தில் சிரிப்பு வாங்கினேன். பின்வாசல் காட்சி வந்தது. தலைவரின் மனைவியின் பாட்டைச் சொன்னேன். பெண்களின் நான்கு வரிகளையும் சொன்னேன். அகப்பை நின்றது, அவள் உரத்துப் பாடினாள். பெண்கள் முனகத் தொடங்கினார்கள். திரேசாவின் தம்பியின் சட்டையைச் சொல்வதா என்று இரண்டு கிழமையாக யோசித்திருந்தேன். அது சொல்ல எனக்கு உரிமையில்லை என்று முடிவெடுத்து, வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பின்வரிசையில் நந்தாவின் குரல் கேட்டது. உரத்த குரலல்ல. "சுது கமிசே. இஸ்கோலே கமிசே," என்றார்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் ஒலிவாங்கியை வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, "வெள்ளைச் சட்டை. பள்ளிக்கூடச் சட்டை," என்று தமிழில் சொன்னேன். மெட்டு முடிந்து அடுத்த காட்சி வந்துவிட்டது.

தேநீர் வேளையில் நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவரே சொன்னார். காணாமல் போனவன் அண்ணனாம். இவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, களனியில், எண்பதுகளின் கடைசியில் தெற்கே சிங்களப் பொடியன்களைத் தூக்கிய அந்தக் காலத்தில். அவன் உடுத்தியிருந்ததை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லையாம். "அந்த அம்மாமார் பாடினது என்ன சொல்லி அண்டைக்கு நான் கேட்டதும் அதுக்குத்தான்," என்றார். பிறகு, "சொன்னதுக்குப் பொறகு பசிக்குது, அக்கே," என்று இரண்டு ரோல்ஸ் எடுத்துச் சாப்பிட்டார். மாஸ்டர் மூன்றாவதைத் தாமே எடுத்து அவர் தட்டில் வைத்தார். அடுத்த மாதம் முதல் நானும் நந்தாவும் திரைக்கு இரண்டு பக்கமும் நிற்கப்போகிறோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் சிங்களம். ரயில் வந்தால் என்ன செய்வது என்று இப்போதே அவர் கவலைப்படுகிறார்.

திரேசாவின் கொப்பிகளை அவர் வீட்டார் வைத்திருக்கிறார்கள், அது அவர்களுக்கு உரியது. நான் அவரிடமிருந்து எடுத்து வைத்திருப்பது வேறு. பாடுகிறவள் எவ்வளவு அழகாகப் பாடினாலும், வாசலில் நிற்பவர்களுக்காக ஒரு வரியளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பது. அங்கிருந்து யாராவது ஒரு சட்டையின் நிறத்தைச் சொன்னால், அதை எல்லாருக்கும் கேட்கும்படி திரும்பச் சொல்வது.